வைத்தியர் கையும் பெற்றார் மனமும்

விழா மலர் என்றால் அதிற் கல்லூரியின் பழம்பெருமை பேசப்படும். நிறுவிய பெரியோர் நினைவுகூரப்படுவர். விளையாட்டு வெற்றிகளும் பரீட்சைச் சித்திகளும் எண்ணிக் காட்டப்படும். இவையெல்லாம் வேண்டுவனவே. இவற்றைச் செவ்வனே செய்தற்கு இம்மலரில் வேறு பலர் உளர். ஆதலின் யாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறொன்று. அது மேடைகளிற் பேசப்படாதது; ஆயினும் இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் பிள்ளை பெற்றவர் பலரும் ஒருமுறையேனும் மனத்துள் உணர்ந்தது. சிறு பிள்ளையின் உடுப்பை நீக்கி வைத்தியர் தொட்டுப் பார்க்கும்பொழுது பெற்றார் நெஞ்சில் எழும் கலக்கமே அப்பொருள்.

இக்கலக்கம் பல வடிவில் வெளிப்படும். ஐந்து வயதுப் பெண்பிள்ளைக்குச் சிறுநீர் கழிக்கையில் எரிவு என்று தாய் கூட்டிச் செல்வாள். "பார்க்க வேண்டும்" என்று வைத்தியர் சொன்னதும், "மருந்தை மட்டும் எழுதித் தாருங்கோ ஐயா" என்று மன்றாடுவாள். ஆண்பிள்ளையைக் கொண்டுசென்ற தந்தை, வைத்தியர் பார்த்து முடிக்கும்வரை சுவரில் தொங்கும் நாட்காட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பார். பாடசாலையில் வைத்திய பரிசோதனை என்று கேள்விப்பட்டால், அன்றைக்குப் பிள்ளைக்குத் தடிமன் என்று சொல்லி வீட்டில் மறித்துக்கொள்வாரும் உளர். வைத்தியசாலையை விட்டு வெளியே வந்த பின்னர், "அப்படிப் பார்க்கத்தான் வேணுமோ?" என்று கணவனும் மனைவியும் வழிநெடுகத் தம்முட் பேசிக்கொள்வர். அக்கேள்வியைக் கேட்கவேண்டிய ஒருவரிடம், அதாவது வைத்தியரிடம் மட்டும், கேட்கமாட்டார்.

இக்கலக்கத்தை இருசாரார் இருவகையாகக் கையாளுகின்றனர். ஒருசாரார் இதனைப் படிப்பறியாதவர் மடமை என்று நகைப்பர். மற்றொருசாரார் இதற்கே முற்றாக அடங்கி, பிள்ளையை ஒருவரும் தொட்டுப் பார்க்க விடமாட்டோம் என்பர். எமது துணிபு இவ்விரண்டுக்கும் வேறானது. பிள்ளையின் மேனியைப் பிறர் தொடுங்கால் பெற்றார் மனம் விழித்துக்கொள்வது இயற்கை தந்த காவல். அக்காவலை அவித்துவிடுதலும் தவறு. அக்காவலே சிறைச்சுவராகப் பிள்ளையின் நோயை உள்ளே பூட்டிவைத்தலும் தவறு. மனத்துள் கிடக்கும் கலக்கத்தை வாயினாற் கேட்கும் கேள்வியாக மாற்றுதலே செய்யத்தக்கது. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னாளில் இக்கலக்கம் இத்துணை இருந்ததில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஊர்ப் பரிகாரியார் வீட்டுக்கு வருவார். அல்லது பிள்ளையை அவர் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுசெல்வர். அவர் அப்பிள்ளையின் பாட்டனுக்கும் நாடி பார்த்தவர். சித்த வைத்தியம் நோயறிதற்கு வகுத்த எண்வகைத் தேர்வில் ஸ்பரிசமும் ஒன்று. ஆகவே தொட்டுப் பார்த்தல் மேனாட்டார் கொணர்ந்த புதுமையன்று. ஆனால் அத்தொடுகை பேத்தியாரும் பெரியதாயும் சூழ்ந்திருக்க, பகல் வெளிச்சத்திலே, கேள்விக்கு மறுமொழி சொல்லிக்கொண்டே நடைபெற்றது. இன்றோ பிள்ளை போகுமிடம் கதவு சாத்திய அறை. அங்கிருப்பவர் பெயரும் ஊரும் அறியாத ஒருவர். வெளியிலே நாற்பது பேர் இலக்கத் துண்டுடன் காத்திருக்கின்றனர். என்ன செய்யப்போகிறார் என்று அவர் சொல்லவில்லை. கேட்பதற்கு இவருக்குத் துணிவில்லை. கலக்கம் பிறப்பது கையினால் மட்டுமன்று, மௌனத்தினாலும் ஆம்.

இரண்டாவது காரணம் இக்காலத்துக்கே உரியது. பிள்ளையின் உடம்பு பிள்ளைக்கே உரியது, பிறர் தகாத இடத்தில் தொட்டால் "வேண்டாம்" என்று சொல்லி ஓடிவந்துவிடல் வேண்டும் என்று இன்று வீட்டிலும் பாடசாலையிலும் கற்பிக்கின்றோம். இது நல்ல போதனை. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிசெய்தது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, சிறுவர்மீது இழைக்கப்படும் பாலியற் குற்றங்களுக்கான தண்டனை கடுமையாக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை தோன்றியது. சிறுவர் பற்றிய முறைப்பாடுகளை ஏற்கும் அதன் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். இவ்வாறு போதிக்கப்பட்ட பிள்ளை, அடுத்த கிழமையே வைத்தியர் முன் கைகால் பிடித்துக் கிடத்தப்படுகின்றது. நேற்றுச் சொன்னது மெய்யோ, இன்று செய்வது மெய்யோ என்று அது திகைக்கின்றது. பெற்றார் கலக்கத்திற் பாதி, தாம் சொன்னதற்கு மாறாகத் தாமே செய்கின்றோமோ என்னும் கலக்கமே.

நாணத்தை மதித்தமையால் வைத்தியம் ஒருநாளும் தாழ்ந்ததில்லை என்பதற்குச் சரித்திரம் சான்று. இன்று வைத்தியர் கழுத்திலே தொங்கும் ஸ்டெதஸ்கோப்பு பிறந்த கதையை மாணவர் அறிதல் நன்று. அக்காலத்து வைத்தியர் நோயாளியின் மார்பிலே நேரே காதை வைத்து இருதய ஒலி கேட்பர். 1816இல் பாரிஸ் நகரிலே லெயனெக் என்னும் வைத்தியரிடம் இருதய நோய்க்குறிகளுடன் இளம்பெண் ஒருத்தி வந்தாள். அவள் மார்பிற் காதை வைத்தல் முறையன்று என அவர் கருதினார். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்டதினும் ஒலி தெளிவாகக் கேட்டது. நாணம் தடையாக வந்தது. அத்தடையே உலகுக்கு ஒரு கருவியைத் தந்தது.

எமது மண்ணிலும் இத்தகைய சான்றுகள் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், பிற்காலத்தில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவ வைத்தியம் ஆகியவற்றைப் பற்றிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். நோயாளிக்கு விளங்கும் மொழியில் வைத்தியம் பேசுதல் வேண்டும் என்பதை அவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தார். 1898இல் இணுவிலிலே பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஆண் வைத்தியரிடம் செல்ல நாணிய பெண்களை அறிவிலிகள் என்று ஏசியிருக்கலாம். அவ்வாறு ஏசாது, அவர்கள் நாணாது செல்லுதற்கு ஒரு மனை எடுத்தனர். இதுவன்றோ அறிவுடையார் செயல்!

இனி, மறுபக்கத்தையும் நோக்குவோம். உடுப்பு நீக்கிப் பார்த்தல் எதற்கு? பார்க்காவிடில் வருங்கேடு யாது?

நிறைமாதத்திற் பிறக்கும் ஆண்குழந்தைகளுள் நூற்றுக்கு மூவர் அளவினர்க்கு ஒரு விதையோ இரு விதையுமோ பைக்குள் இறங்காமல் மேலே நின்றுவிடும். பலருக்கு ஆறு மாதத்துள் அது தானாக இறங்கும். இறங்காவிடின், 6 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையிற் சிறு சத்திரசிகிச்சையாற் சீராக்குவர். கவனியாது விட்டால் பின்னாளிற் பிள்ளைப்பேற்றுக் குறைவும், அவ்விதையிற் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பும் கூடும். இதனை அறிதற்குப் படம் பிடிக்கும் பொறி வேண்டியதில்லை. பழகிய கை ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்தாற் போதும். கூச்சத்தினால் அந்த ஒரு நிமிடத்தை மறுத்தவர், மகன் கலியாணம் முடித்த பின்னர் வருந்துதல் கூடும்.

பிறந்த பிள்ளையின் தொடையெலும்பு இடுப்புக் குழியில் ஒழுங்காகப் பொருந்தாமல் நழுவியிருத்தல் மற்றொன்று. துணியை நீக்கி, இரு தொடைகளையும் மடித்து அகட்டிப் பார்க்கும் பரிசோதனையை இத்தாலிய வைத்தியர் ஓட்டலானி 1937இலும், அதனோடு சேர்த்துச் செய்யும் மற்றொன்றை ஆங்கில வைத்தியர் பார்லோ 1962இலும் எழுதி வெளியிட்டனர். முதல் மாதங்களிற் கண்டால் தொடைகளை அகட்டி வைக்கும் பட்டி ஒன்றே பெரும்பாலும் போதும். நடக்கத் தொடங்கிய பின்னர் கண்டாற் சத்திரசிகிச்சையும், சிலர்க்கு ஆயுள் முழுவதும் நொண்டலும் ஆகும். அவ்வாறே பெண்பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னரும், ஆண்பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்னரும் பருவக்குறிகள் தோன்றினால் அதற்குக் காரணம் தேடல் வேண்டும். காணாமல் தேடுவது எங்ஙனம்?

இங்கே ஓர் எடுத்துக்காட்டு எமது கருத்தை நன்கு விளக்கும். இருதயத்தைப் பார்ப்பதற்கென்று கொண்டுசென்ற குழந்தையின் தொடைச்சந்தியில் வைத்தியர் விரலை வைக்கிறார். தாய் திடுக்கிடுகிறாள். நெஞ்சுக்கு வந்த பிள்ளைக்கு அங்கே என்ன பார்வை? அவள் திடுக்கீடு நியாயமானது. ஆனால் காரணமும் உண்டு. இருதயத்தினின்று புறப்படும் பெருநாடி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும். அவர்களுக்குக் கையிலே துடிப்பு நன்றாக இருக்க, தொடைச்சந்தித் துடிப்பு நலிந்திருக்கும். அந்தத் துடிப்பைத் தேடியே விரல் அங்கே செல்கின்றது. "அம்மா, நெஞ்சிலிருந்து கீழே போகும் இரத்தம் சரியாகப் போகிறதோ என்று இவ்விடத்திற் பார்க்கிறேன்" என்று ஒரு வசனம் சொன்னால், திடுக்கிட்ட தாயே பிள்ளையின் காலை அசையாமற் பிடித்துக்கொடுப்பாள். அந்த ஒரு வசனம் சொல்லப்படாமையால், அவள் அடுத்தமுறை வராமலே விட்டுவிடலாம். பரிசோதனை ஒன்றே, வசனம் ஒன்றே வேறுபாடு.

உடுப்பு நீக்கிப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. எல்லா வீடும் பிள்ளைக்குப் பாதுகாப்பான வீடன்று. சட்டைக்குள் மறைந்த தழும்பையும், சூட்டுக் காயத்தையும், சொல்லத் தெரியாத பிள்ளையின் துன்பத்தையும் முதலிற் காண்பது சிலவேளை வைத்தியர் கண்ணே. ஆகவே பரிசோதனை பிள்ளைக்கு எதிரான ஆபத்து மட்டுமன்று; பிள்ளைக்கு உள்ள புகலிடமும் ஆகலாம்.

இங்ஙனமாயின், வைத்தியர் சொற்படி கண்ணை மூடிக்கொண்டு நடப்பதுதானே முறை என்று கேட்கலாம். அன்று. உயர்ந்த தொழிலின் போர்வையிற் கொடியோரும் நுழைவர் என்பதை அண்மைக்கால வழக்குகள் உலகுக்குக் காட்டின. அமெரிக்காவிலே உடற்பயிற்சி வீராங்கனைகளுக்கு வைத்தியராயிருந்த லரி நாசர், சிகிச்சை என்ற பெயரிற் சிறுமியர் பலரைக் கெடுத்தமைக்காக 2018இற் பல்லாண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். சிலர்க்கு அத்தீங்கு பெற்றார் அதே அறையில் இருக்கும்பொழுதே, அவர் கண்ணுக்கு மறைவாக இழைக்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியிலேயே வாய்திறந்து முறையிட்ட சிறுமியரும் இருந்தனர். பெரியோர் அவர்களை நம்பவில்லை. பிரான்சிலே ஜோயல் லெ ஸ்குவர்னெக் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியன் 299 பேருக்கு, அவருட் பெரும்பாலார் தன்னிடம் நோயாளராய் வந்த சிறுவர், இழைத்த தீங்குக்காக 2025இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். சிறுவரின் ஆபாசப் படங்களை வைத்திருந்தமைக்காக 2005இலேயே அவன் குற்றவாளியாகக் காணப்பட்டிருந்தும், தொழிலைத் தொடர விடப்பட்டான்.

இவ்வழக்குகளிலிருந்து வைத்தியர் எல்லாரும் ஐயத்துக்குரியவர் என்று கொள்ளுதல் பேதைமை. பிள்ளைகளுக்குத் தீங்கிழைப்போருட் பெரும்பாலார் அப்பிள்ளைக்கு முன்னரே பழக்கமானவரும் உறவினருமே. நாம் கொள்ளவேண்டிய பாடம் வேறு. தீயவன் வளர்வது கேள்வி கேட்கப்படாத இடத்திலே. "பெரிய டொக்டர் அல்லவோ, அவருக்குத் தெரியாதோ" என்னும் மரியாதையே அவனுக்கு மறைப்பாயிற்று. அறையில் பெற்றார் வெறுமனே இருத்தலும் போதாது. காணும்படி இருத்தல் வேண்டும், கேட்கும்படி இருத்தல் வேண்டும். கேள்வியினால் நல்ல வைத்தியருக்கு ஒரு குறைவும் இல்லை. கேள்வியை வெறுப்பவன் தீயவனே.

ஆகவே யாம் கூறும் முறை மூன்று உறுப்புடையது. பெற்றாருள் ஒருவர் பார்க்கக்கூடிய இடத்தில் உடனிருத்தல். என்ன பார்க்கப்போகிறார், எதற்காக என்பதை வைத்தியர் முன்னரே சொல்லுதல். பிள்ளையிடமும் சொல்லி அதன் இசைவை வேண்டுதல். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டலும் சிறு பிள்ளைகளைப் பரிசோதிக்கையிற் பெற்றார் உடனிருத்தலையே விதிக்கின்றது. அவர் இல்லாதபோது தாதி போன்ற வேறொருவர் உடனிருக்கவேண்டும் என்கின்றது. எமக்கு இது புதிதன்று. வைத்தியத்துக்கு நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்னும் நான்கும் வேண்டும் என்று திருவள்ளுவர் வகுத்துவிட்டார். பிள்ளையைப் பொறுத்தவரை அந்நான்காமவர் தாயும் தந்தையுமே. அவரை அறைக்கு வெளியே நிறுத்திச் செய்யும் வைத்தியம் ஒரு கால் குறைந்த கட்டில்.

பிள்ளை வளர வளர இம்முறையும் வளர்தல் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயது கடந்த பிள்ளை தாய் தந்தையர் முன்னிலையிலேயே உடுப்பு நீக்க நாணும். அவர் முன் சொல்ல விரும்பாத செய்தியும் அதற்கு இருக்கும். அப்பொழுது யார் உடனிருக்கவேண்டும் என்று பிள்ளையையே கேட்டு, தாதி ஒருவரை நிறுத்திக்கொள்ளுதல் தகும். பெற்றாரின் காவல் பிள்ளையின் நன்மைக்கேயன்றிப் பெற்றாரின் உரிமையை நாட்டுதற்கன்று.

வைத்தியர் கடமையும் பெரிது. வேண்டிய இடத்தை மட்டும் நீக்கிப் பார்த்து உடனே மூடுதல், குழந்தையைத் தாயின் மடியிலேயே வைத்துப் பார்த்தல், கூச்சமோ நோவோ உள்ள இடத்தை இறுதியிற் பார்த்தல் என்பன நல்லாசிரியரிடம் பயின்ற வைத்தியர் அறிந்தவையே. இருமலுக்கு வந்த பிள்ளைக்கு மறைவிடத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பருவமெய்தாத பெண்பிள்ளைக்கு வழமையான பரிசோதனையில் உட்புறப் பரிசோதனைக்கு இடமே இல்லை. அரிதாக வேண்டுமாயின் அது மயக்க மருந்து கொடுத்து, உரிய நிபுணராற் செய்யப்படுவது. இவ்வளவினைப் பெற்றார் அறிந்திருந்தாற் பயப்பட வேண்டாத இடத்திற் பயப்படார். விழிக்க வேண்டிய இடத்தில் உறங்கார். எல்லை மீறப்பட்டதென்று கண்டால், "நிறுத்துங்கள்" என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுதற்கும், வைத்தியசாலைப் பணிப்பாளரிடமோ பொலிசாரிடமோ மேற்சொன்ன 1929 இலக்கத்திலோ முறையிடுதற்கும் அவருக்கு முழு உரிமையும் உண்டு.

பிள்ளைக்குக் கற்பிக்கும் போதனையிலும் ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டால் முன்னர்க் கூறிய முரண்பாடு தீர்ந்துவிடும். "அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்பொழுது, உன் சுகத்துக்காக, வைத்தியர் பார்க்கலாம். பார்த்ததை ஒருவருக்கும் சொல்லாதே என்று யார் சொன்னாலும் அதை உடனே எங்களுக்குச் சொல்." இவ்வளவே. இரகசியம் என்ற சொல்லைக் கண்டாற் பிள்ளை எச்சரிக்கை கொள்ளும்; வைத்தியசாலையைக் கண்டு அஞ்சாது.

இம்முறை நடைமுறைக்கு ஒவ்வாதென்று சிலர் கூறுவர். ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்க்கும் வைத்தியர் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமோ என்பர். நெருக்கடி மெய்தான். ஆனால் மேற்சொன்ன வசனம் எத்தனை வினாடிக்குரியது? முரண்டு பிடிக்கும் பிள்ளையை மூவர் சேர்ந்து பிடிக்கும் நேரத்தினும் குறைந்தது அது. மேலும், எமது நாட்டிலேயே இம்முறை வெற்றியாக நடைபெறும் இடம் ஒன்றுண்டு. 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபின் நாடெங்கும் பரவிய பொதுச் சுகாதார சேவையிலே, குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுப் படலை திறந்து வருகிறார். பிறந்த குழந்தையின் துணியை நீக்குகிறார், தொப்புளைப் பார்க்கிறார், நிறுத்துப் பதிகிறார். ஒரு தாயும் கலங்குவதில்லை. ஏன்? அவர் பெயர் தெரியும். செய்வதைச் சொல்லிச் செய்கிறார். தாய் பக்கத்தில் இருக்கிறாள். இம்மூன்றும் உள்ள இடத்திற் கலக்கம் இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, கல்லூரிக்கு வருவோம். சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பாடசாலைக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஒழுங்கு எமது நாட்டுக்குப் பெருமை தருவது. உயரம், நிறை, கண், பல், தோல், இருதயம் என்று செலவின்றிப் பார்க்கப்பட்டு, வீட்டார் அறியாத குறைபாடு அங்கே கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் பிள்ளைகள் சட்டையைக் கழற்றிக் கையிற் பிடித்தபடி ஒருவர் பின் ஒருவராய் மண்டபத்தில் நிற்றலும், ஒருவனைப் பார்க்கையில் மற்றவர் எட்டிப்பார்த்துச் சிரித்தலும் பல பாடசாலைகளிற் காணும் காட்சி. அன்று சிரிக்கப்பட்ட மாணவன் பின்னர் நாற்பது வயதிலும் வைத்தியரிடம் போகக் கூசுவான். வகுப்பாசிரியர் செய்யவேண்டியவை அதிகமில்லை. ஒரு கிழமைக்கு முன்னரே, என்ன பார்ப்பர், எதற்காக என்று பெற்றாருக்கு எழுதி அறிவித்தல். முதலாந் தரப் பிள்ளைகளின் பெற்றாரை அன்று வரவழைத்தல். ஒருவர் பின் ஒருவராய் மறைப்புக்குள் அனுப்புதல். பெற்றார் வராத பிள்ளையுடன் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் நிற்றல். அப்பாற் சிரிப்பவனுக்குக் கண்டிப்பாய்ப் புத்தி சொல்லுதல்.

எமது கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியராய் விளங்குவோர் இங்கும் கடல் கடந்த நாடுகளிலும் பலர். அவர்களுக்கு யாம் கூறுவது: உங்களிடம் கேள்வி கேட்கும் தாய் உங்களை அவமதிப்பவள் அல்லள், தன் கடமையிற் பாதியை உங்கள் கடமையுடன் சேர்க்க வந்தவள். அவள் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். பெற்றாருக்கு யாம் கூறுவது: "எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று சொல்வீர்களோ?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று, நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதே கடமைக் குறைவு. மாணவருக்கு யாம் கூறுவது: நீங்களும் ஒருநாட் பெற்றாராவீர், உங்களுட் சிலர் வைத்தியராவீர், அடுத்தவன் உடம்பைப் பார்த்துச் சிரியாத பழக்கம் இவ்விரு தொழிலுக்கும் முதற்பாடம்.

விழா ஆண்டில் எமது சங்கம் கல்லூரிக்கு யாது நல்கலாம் என்று பலரும் சிந்திக்கின்றனர். விளையாட்டுப் பந்தற்கும் வளைவுக்கும் நன்கொடையாளர் தாமாகவே முன்வருவர். அவற்றிற் பெயர் பொறிக்க இடமுண்டு. யாம் கேட்பது சிறியது. வகுப்பறைக் கட்டடத்தின் ஓர் அந்தத்திலே, காற்றும் வெளிச்சமும் புகும் ஒரு சிற்றறை. வெளியிலிருந்து பார்வை படாதபடி ஒரு திரை. ஒரு நிறை தராசு. கிடத்திப் பார்ப்பதற்கு ஒரு கட்டில். வைத்தியருக்கு ஒரு நாற்காலி. அதனருகே, பிள்ளையின் முகத்தையும் வைத்தியரின் கையையும் ஒருங்கே காணக்கூடியதாக, தாய்க்கோ தந்தைக்கோ இன்னொரு நாற்காலி. அவ்விரண்டாவது நாற்காலியை மறந்துவிடாதிருக்கும்படி சங்கத்தாரை வேண்டி அமைகின்றோம்.